சம்பூர் சூரிய மின்சாரம்: கம்பி போகும் வழியில் உள்ள காணிகள்

சம்பூரில் அமையும் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலையத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்த மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் மின்மார்க்கம் பற்றியே நான் இங்கு எழுதுகிறேன். அதிகமான கிராமங்களைத் தொடப்போவது அதுதான்.

2006 இல் மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், அனல் மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலம் இது. 500 மெகாவாட் அனல் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. இப்போது இந்தியாவின் என்டிபிசி நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் கூட்டாக, 2 கட்டங்களில் 120 மெகாவாட் சூரிய மின்சாரத்தைத் திட்டமிட்டுள்ளன.

கிராமங்களுக்கு வரும் 33 கிலோவோல்ட் கம்பிகளால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது. எனவே அமைச்சரவை அனுமதித்த திட்டத்தில், முதற்கட்டமான 50 மெகாவாட்டுக்காகச் சம்பூரிலிருந்து கப்பல்துறைக்கு 40 கிலோமீற்றர் நீளமான 220 கிலோவோல்ட் மார்க்கம் உள்ளது. அடுத்த கட்டத்தில் கப்பல்துறையிலிருந்து புதிய ஹபரணைக்கு இன்னும் 76 கிலோமீற்றர். முதற்கட்ட நிலையத்துக்கு 42.5 மில்லியன் டொலர், மார்க்கத்துக்கு 23.6 மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது.

கம்பிக்குக் கீழுள்ள காணியை அரசு சுவீகரிப்பதில்லை. உரிமை காணிக்காரரிடமே இருக்கும். ஆனால் 220 கிலோவோல்ட் மார்க்கத்துக்குச் சுமார் 35 மீற்றர் அகலப் பாதை வேண்டும். அதற்குள் நெல்லும் தாழ்ந்த பயிர்களும் செய்யலாம். வீடு கட்டவோ, தென்னை, பனை வளர்க்கவோ முடியாது.

1993 ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி, 50 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்டதும் 10 கிலோமீற்றருக்கு நீண்டதுமான மார்க்கத்துக்குச் சுற்றாடல் அனுமதி கட்டாயம். முழுமையான தாக்க மதிப்பீடு கோரப்பட்டால், அறிக்கை மீது கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாட்கள் உண்டு. பிறகு காணிக்காரருக்கு அறிவித்தல் வரும். அவர் இணங்காவிட்டால் பிரதேச செயலாளர் விசாரிப்பார். நட்டஈடும் அங்கேயே தீர்மானிக்கப்படும்.

நமது பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பலரின் உறுதி யுத்தத்தில் தொலைந்துவிட்டது. சிலரின் அனுமதிப்பத்திரம் இறந்துபோன பாட்டனார் பெயரில் கிடக்கிறது. சில காணிகளின் சொந்தக்காரர் வெளிநாட்டில். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவு, அளக்க வருபவரின் கண்ணுக்கு வெறும் பற்றைக்காடு. அறிவித்தல் யார் கைக்குப் போகும்?

கோபுரங்களின் இடம் கடதாசியில் இருக்கும்போதுதான் அதை நகர்த்துவது எளிது. மார்க்கம் வளையும் ஒவ்வோரிடத்திலும் பலமான, விலைகூடிய கோபுரம் தேவை. முளை அடித்தபின் வழியை மாற்றுவது மிகக் கடினம்.

ஆகவே மார்க்கம் போகக்கூடிய இடங்களில் காணி உள்ளவர்கள் இப்போதே சில வேலைகளைச் செய்துவைக்கலாம். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திர விபரத்தைப் பிரதேச செயலகத்திலும் பெறுங்கள். மரம், கிணறு, பழைய அத்திவாரம் எல்லாவற்றையும் படமெடுத்துப் பட்டியலிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மார்க்க வரைபடத்தை எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கும் இதை அறிவியுங்கள்.