மண்டபத் திரையில் படம் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா, ஆலய மண்டபத்தில் திருமண விருந்து, நினைவஞ்சலிக் கூட்டம் என எங்கும் இப்போது மடிக்கணினியை புரொஜெக்டருடன் இணைக்கிறார்கள். கேபிளைச் செருகியதும் படம் வந்துவிடும். ஆனால் எழுத்து மங்கும், முகம் பக்கவாட்டில் இழுபடும், ஓரத்தில் உள்ள பெயர் வெட்டுப்படும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு எதுவும் புரியாது. பெரும்பாலும் புரொஜெக்டர் பழுதாகியிருக்காது. ரெசலூஷன் எனப்படும் திரைத் தெளிவளவுதான் பொருந்தாமல் இருக்கும்.

ஒவ்வொரு திரைக்கும் அதற்கே உரிய அளவு உண்டு. பழைய புரொஜெக்டர்கள் பலவற்றில் அது 1024 × 768, அகலமான சிலவற்றில் 1280 × 800, முழு எச்டி தொலைக்காட்சியில் 1920 × 1080. பெட்டியில் 1080 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மலிவான சில கருவிகள் அந்த அளவுப் படத்தை ஏற்றுக்கொண்டு, சுருக்கித்தான் காட்டும். ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டூப்ளிகேட்’ என்றால் இரு திரையிலும் ஒரே படம், பொதுவாக ஒரே ரெசலூஷன். அதனால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ‘எக்ஸ்டெண்ட்’ என்றால் ஒவ்வொன்றும் தன் அளவில் இயங்கும். விழாவுக்கு இதுவே நல்லது. உங்கள் வாட்ஸ்அப்பைச் சபையே படிக்கும் சங்கடமும் குறையும்.

பிறகு திரையின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ திறந்தால் 1, 2 என இரு கட்டங்கள் தெரியும். முதலில் புரொஜெக்டருக்குரிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு, மடிக்கணினியின் அளவையே மாற்றிவிடுகிறார்கள். அதன்பின் ‘டிஸ்பிளே ரெசலூஷன்’ பட்டியலில் ‘ரெக்கமண்டட்’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை கறுத்துப் போனால் எதையும் தொடாமல் 15 விநாடி காத்திருங்கள், பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்பதற்காக ரெசலூஷனைக் குறைக்காதீர்கள். அதே பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ அளவை 125 அல்லது 150 விழுக்காடாக்கினால் போதும்.

தொலைக்காட்சியில் ஓரம் வெட்டுப்பட்டால் கணினியை விட்டுவிட்டு ரிமோட்டை எடுங்கள். படத்தின் அளவு பகுதியில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்றிருக்கும்.

பழைய மண்டபங்களில் நீளமான விஜிஏ கேபிளோ, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் பெட்டியோ இருந்தால், புரொஜெக்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்ல முடியாமல் போகலாம். அப்போது ‘ரெக்கமண்டட்’ என்று காட்டுவதும் தவறாக இருக்கக்கூடும். புரொஜெக்டரின் நேட்டிவ் எண்ணைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள்.