குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு 3-வது பிரேக் லைட்: எதற்கு? எப்படிப் பொருத்துவது?

முன்னால் போகும் கார் திடீரென பிரேக் போடுகிறது. அதன் பிரேக் லைட் கண்ணில் படுவதற்குள், பின்னால் வரும் லாரி நெருங்கிவிட்டால் என்ன ஆகும்? பழைய, தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கவலையே இதுதான். அதனால்தான் பிரிட்டனின் எம்ஜி மிட்ஜெட் போன்ற கார்களில் பலரும் கூடுதலாக ஒரு பிரேக் லைட் மாட்டுகிறார்கள்.

மிட்ஜெட்டில் என்ன பிரச்சனை?

1961 முதல் 1979 வரை தயாரான கார் இது. நீளம் சுமார் 3.5 மீட்டர், உயரம் 1.2 மீட்டர்தான். பின்பக்கம் சின்னதாக இரண்டு பிரேக் லைட், அதுவும் தாழ்வாக இருக்கும். உயரமான வண்டி ஒட்டிப் பின்னால் வந்தால், அதன் டிரைவருக்கு இந்த வெளிச்சம் சட்டென்று தெரியாது. பகலில் வெயிலடித்தால் இன்னும் கஷ்டம்.

3-வது லைட் எப்போது வந்தது?

1974-ல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் நடுவில் ஒரு கூடுதல் பிரேக் லைட் பொருத்திப் பார்த்தார். அந்த டாக்சிகளைப் பின்னால் வந்து மோதும் விபத்து சுமார் 60 சதவீதம் குறைந்தது. 1986 மாடல் முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. மிட்ஜெட் தயாரிப்பு அதற்கு முன்பே நின்றுவிட்டதால், அந்த லைட் அதற்குக் கிடைக்கவே இல்லை.

அப்படியென்றால் விபத்து பாதியாகக் குறையுமா? குறையாது. எல்லா கார்களிலும் இது வந்த பிறகு, அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1998-ல் வெளியிட்ட ஆய்வில் குறைவு 4.3 சதவீதம்தான். சின்ன எண்தான். ஆனால் செலவும் ரொம்பக் குறைவு என்பதால் லாபம்தான் என்கிறது அந்தக் கணக்கு.

பல்பா, எல்இடியா?

எல்இடிதான் நல்லது. இழை சூடாகி ஒளிர வேண்டிய சாதாரண பல்பை விட, எல்இடி சுமார் 0.2 விநாடி முன்னதாக எரியும். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த நேரத்தில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். மிட்ஜெட்டின் நீளத்தை விட இது அதிகம்!

இன்னொரு காரணமும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் இரண்டு 21 வாட் பல்புகளே சுமார் 3.5 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். மூன்றாவதாக இன்னொரு பல்பு சேர்த்தால், பழைய பிரேக் சுவிட்ச்சுக்குச் சுமை கூடும். எல்இடி எடுப்பது மிகக் குறைவு.

எங்கே மாட்டுவது?

துணிக்கூரையை மடிப்பதால் பின் கண்ணாடியில் ஒட்ட முடியாது. டிக்கி மூடியின் நடுவில் வைக்கலாம். டிக்கி மேல் லக்கேஜ் கேரியர் இருந்தால் அதில் கிளாம்ப் போட்டுவிடலாம், ஓட்டை போட வேண்டாம். மூடியைத் திறந்து மூடும்போது இழுபடாதபடி ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். ஓட்டை போட்டால் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் தகரம் ஒயரை அறுத்துவிடும்.

எந்த ஒயரில் இணைப்பது?

பச்சையில் ஊதா கோடு போட்ட ஒயர்தான் பிரேக் லைட்டுக்குப் போவது. சிவப்பு பின் விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு. பச்சையில் சிவப்புக் கோடும், பச்சையில் வெள்ளைக் கோடும் இண்டிகேட்டர். டிக்கிக்குள் இவை புல்லட் கனெக்டரில் சேரும். கூடுதல் துளை உள்ள கனெக்டரை மாற்றினால் போதும், பழைய ஒயரை வெட்ட வேண்டாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1967 வாக்கில் வரை வந்த மிட்ஜெட்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். வழக்கம்போல் இணைத்தால் எல்இடி எரியாது. அதன் இரண்டு ஒயரையும் மாற்றி இணைக்க வேண்டும். லைட்டின் உலோகக் கூடு பாடியில் படவும் கூடாது. பிறகு வந்த உரிமையாளர்கள் இணைப்பை மாற்றியிருக்கலாம் என்பதால், ஆண்டை நம்பாமல் பேட்டரியைப் பார்ப்பதே சரி. வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

மறக்கக் கூடாதவை

லைட் சிவப்பாக, நிலையாக எரிய வேண்டும். மினுக்கும் லைட் வேண்டாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

மூன்று லைட்டுக்கும் ஒரே சுவிட்ச்தான். அது பழுதானால் மூன்றுமே எரியாது. வண்டி எடுக்கும் முன், சாவியை ஆன் செய்து பிரேக்கை மிதித்து, பின் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.