கைக்குள் அடங்கும் எஞ்சின்: ரொறன்ரோவின் மாதிரி ரயில்களும் எங்கள் யாழ்தேவியும்

எஞ்சின்களையும் ரயில்களையும் சிறிய அளவில், ஆனால் உண்மையாகவே இயங்கும்படி, வீட்டுப் பட்டறையில் கையால் செய்வது மேற்கு நாடுகளில் நூறு வருடங்களுக்கு மேலாக இருந்துவரும் பொழுதுபோக்கு. இதற்கென்றே லண்டனில் பேர்சிவல் மார்ஷல் என்பவர் 1898 இல் 'மொடல் எஞ்சினியர்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அதே வருடம் அங்கே ஒரு சங்கமும் உருவானது. கனடாவில் நாங்கள் வாழும் இடத்துக்கு அருகிலும் இந்தக் கலை உயிரோடு இருக்கிறது. எம்மவர்களில் பலருக்கு இது தெரியாது.

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, தோற்றத்தை அப்படியே சுருக்குவது. இவை சிறிய மின் மோட்டாரில் ஓடும். 1:87 அளவே அதிகம் புழங்குவது; 1:48 அதைவிடப் பெரியது. இரண்டாவது, நிலக்கரி போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியில் ஓடவிடும் எஞ்சின். ஏழேகால் அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் உண்மையானதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆட்களை ஏற்றிய பெட்டிகளையும் அது இழுக்கும்.

கணக்கியல் படித்தவன் என்பதால் எனக்கு இதில் பிடித்தது அளவுக் கணக்குத்தான். நீளம் எட்டில் ஒன்றானால் பரப்பு 64 இல் ஒன்று. எடை 512 இல் ஒன்று. 80 தொன் எஞ்சினை எட்டில் ஒன்றாகச் செய்தால் 156 கிலோ வரும். அதையே 1:87 இல் செய்தால் 121 கிராம்தான். இவ்வளவு எடை குறைந்தால் சில்லுகள் தண்டவாளத்தைப் பிடிக்காமல் வழுக்கும். அதனால் சிறிய எஞ்சின்களுக்குள் ஈயத் துண்டு வைப்பார்கள். பொயிலரிலும் இதே கணக்குத்தான்: சிறிய பொயிலரில் தண்ணீரின் கனவளவு குறைகிற அளவுக்கு வெளிப்பரப்பு குறைவதில்லை. எனவே வெப்பம் விரைவாக வெளியேறிவிடும். பெரிய எஞ்சினின் வரைபடத்தை அப்படியே சுருக்கினால் அது நன்றாக ஓடாது. எந்தப் பாகத்தை எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிலையாக நிற்கும் சிறிய நீராவி எஞ்சின் ஒன்றைத்தான் செய்வார்கள். 'ஸ்ருவேட் 10' என்பது புகழ்பெற்ற ஒன்று. அதன் சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம். பிஸ்டனின் ஓட்டமும் முக்கால் அங்குலம். வார்ப்பு இரும்புத் துண்டுகளும் வரைபடமும் விலைக்குக் கிடைக்கும். அவற்றை லேத்தில் கடைந்து, துளையிட்டு, அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். பொயிலர் செய்பவர்கள் அதை முதலில் தண்ணீரால் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிடக் கூடிய அழுத்தத்தில் சோதிப்பார்கள். தண்ணீர் சுருங்காது, ஆகவே பொயிலர் பிளந்தாலும் வெடிக்காமல் ஒழுகும். செலவுக் கணக்கு எழுதினால் இரும்பின் விலை ஒரு சிறு பகுதிதான். மிச்சமெல்லாம் மனித மணித்தியாலங்கள். அந்த மணித்தியாலங்களை இவர்கள் எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

எங்கே பார்க்கலாம்? ரொறன்ரோவில் சி.என். கோபுரத்தின் அடியில், கனடியன் பசிபிக் நிறுவனம் 1929 இல் கட்டத் தொடங்கிய ஜோன் வீதி வட்டக் கொட்டகை இருக்கிறது. அங்கேதான் ரொறன்ரோ ரயில்வே அருங்காட்சியகம். கோடையில் அதன் வெளியே ஏழேகால் அங்குலச் சிறு ரயில் ஓடும், பிள்ளைகளை ஏற்றிவிடலாம். முன்பு டண்டாஸ் சதுக்கம் என்று அழைக்கப்பட்ட சதுக்கத்துக்கு அருகே 2021 இல் திறக்கப்பட்ட 'லிட்டில் கனடா', நாட்டையே 1:87 அளவில் காட்டுகிறது. 1938 இல் தொடங்கிய ரொறன்ரோ மாதிரி ரயில் சங்கம் 1:48 அளவில் வேலை செய்கிறது. ஹமில்ரனில் 1859 ஆம் ஆண்டின் பழைய நீரேற்று நிலையம் நீராவி அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த வளவில்தான் 'கோல்டன் ஹோர்ஸ் ஷூ' நீராவிச் சங்கத்தினர் தங்கள் எஞ்சின்களை ஓட்டுகிறார்கள்.

எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 வகை டீசல் எஞ்சின்கள், இங்கே ரொறன்ரோவிலிருந்து சுமார் 190 கிலோமீற்றரில் இருக்கும் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் கட்டப்பட்டவை. அவற்றில் ஒன்றுக்கு 'ஒன்ராறியோ', இன்னொன்றுக்கு 'அல்பேர்ட்டா' என்று பெயர். 1956 ஏப்ரல் 23 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை இழுத்தவற்றில் இந்த வகையும் உண்டு. நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னரே, இந்த நாட்டின் எஞ்சின் எங்கள் ஊருக்குப் போய்விட்டது.

அந்தக் கோச்சியை மாதிரியாகச் செய்ய விரும்புபவருக்கு முதலில் வரும் சிக்கல் தண்டவாளம். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர், கனடாவில் 1435. கடையில் விற்கும் 1:87 தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். யாழ்தேவிக்கு வேண்டியது 19.3. ஆகவே தண்டவாளத்தையும் கையாலேயே போட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெரியது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பிடுங்கப்பட்டுக் காவலரண்கள் ஆயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. ஆனால் இன்று போய் நிலையங்களை அளப்பவர் புதிதாகக் கட்டியதைத்தான் அளப்பார். பழைய மேடையின் உயரம், கூரையின் சாய்வு, சிக்னல் கம்பம் நின்ற இடம் ஆகியவை பழைய படங்களிலும் வயதானவர்களின் நினைவிலும்தான் இருக்கின்றன. ஒரு நிலையத்தை 'அழகாக இருந்தது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதை மாதிரியாகச் செய்பவருக்கு அது போதாது. எத்தனை அடி என்று அவர் கேட்பார்.

புகையிரதப் பகுதியிலும் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலும் பிற்றராக, வெல்டராக, கடைசல்காரராக வேலை செய்தவர்கள் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் அவர்களின் கைகளுக்கு இந்த வேலை தெரியும். இங்கே படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினியில் வரையவும் முப்பரிமாண அச்சில் பாகம் எடுக்கவும் தெரியும். இருவரையும் ஒரு மேசையில் இருத்தினால் போதும்.

தொடங்குவதற்கு லேத் தேவையில்லை. வீட்டு அல்பத்தில் நிலையத்தின் முன்னே நின்று எடுத்த படம் இருந்தால் இரு பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள். அப்பாவிடமோ மாமாவிடமோ மேடை எத்தனை பெட்டி நீளம் என்று கேட்டு, திகதி போட்டு எழுதுங்கள். அந்த எண்கள் இருந்தால் எஞ்சினையும் நிலையத்தையும் பத்து வருடம் கழித்தும் செய்யலாம். எண்களைச் சொல்லக்கூடியவர்கள் அதுவரை இருப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.