ஏரிக்கரைக் குடிவழிகளும் ஏடுகளும்

மன்னர் குலத்தின் வழிமுறையைச் செப்பேடுகள் கூறும். வலை வீசி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வழிமுறையை எதில் தேடுவது? பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் சுண்ணாம்புக்குளத்தையும் அதன் அண்டைக் குப்பங்களையும் முன்வைத்து இவ்வினாவை எழுப்பினால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவணங்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பது புலனாகும்.

இன்று திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ளது சுண்ணாம்புக்குளம். அந்நூற்றாண்டில் ஏரியின் தென்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தோடும், வடபகுதி நெல்லூர் மாவட்டத்தோடும் சேர்ந்திருந்தன. ஆகவே இக்கரைக் குடும்பமொன்றைத் தேடுபவர் இரு மாவட்டங்களின் பதிவுகளையும் பார்த்தல் வேண்டும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புறமாதலால் ஒரே பெயர் இரு வடிவில் எழுதப்பட்டிருக்கவும் கூடும்.

இக்கரையில் எழுத்தில் நிலைத்த முதற்குடும்பங்கள் அயலாருடையவை. 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள், தம் வணிகரையும் அதிகாரிகளையும் புதைத்த இடத்தில் பெயரும் பதவியும் இறந்த நாளும் பொறித்த கற்களை நிறுத்தினர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முற்றாக மாறிய பின்னும் அக்கற்கள் நின்றன. அலெக்சாண்டர் ரீ 1897இலும், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இலும் வெளியிட்ட நூல்களில் அவை இடம்பெற்றன. அக்கல்லறைவாசிகளுக்கு மீன் கொணர்ந்தவர்க்கோ கல் இல்லை.

அடுத்து நிற்பவை நிலத்தின் பதிவுகள். தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் நடத்திய அளவையின்போது, ஊர்தோறும் வீடுகளும் தொழில்களும் ஏடுகளில் குறிக்கப்பெற்றன. பின்னர் எல்லிஸ் 1816இல் மிராசு உரிமை பற்றி அறிக்கை தந்தார். மிராசு உரிமை பரம்பரையாக வருவது. அதை நிலைநாட்டப் பாட்டன் பெயர் தேவைப்பட்டது. தண்ணீரில் பிழைப்போருக்கு வரி கட்டும் நிலமில்லாததால் பட்டா இல்லை; பட்டா இல்லாததால் பாட்டன் பெயரும் எழுதப்படவில்லை. 1871இன் மக்கள் கணக்கெடுப்பிலும் அவர்கள் தொகையாக நின்றார்களேயன்றிப் பெயராக நிற்கவில்லை. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் வந்ததும் 1899இல்தான்.

இதற்கிடையே ஏழையின் பெயரும், அவன் தந்தை பெயரும், ஊர்ப்பெயரும் ஒருங்கே எழுதப்பட்ட பதிவு ஒன்று உண்டு. அதுவே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் பட்டியல். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேருக்கும் எண்ணிட்டு, வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடற்குறி ஆகியவற்றைக் குறித்து வைத்தனர். தோட்ட முதலாளி தன் ஆளை அடையாளம் காண எழுதிய அப்பட்டியலே இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் பாட்டனின் ஊரைக் கண்டடையும் வழியாயிற்று. மொரீசியஸிலும் இத்தகைய ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. ஊரை விட்டுப் போனவனின் வமிசம் எழுத்தில் நிற்க, ஊரிலேயே தங்கிய அவன் தம்பியின் வமிசம் எழுத்தில் இல்லாமற் போனது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

எனில், தங்கியவன் வழியை அறிவது எவ்வாறு? ஏரியின் வழக்கமே விடை தருகின்றது. தெற்கே முகத்துவாரத்தை அடுத்த கோட்டைக்குப்பம் முதலிய பட்டினவர் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை உண்டு. இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்வது அது. திருமணமான ஆண்மகன் ஒருவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுப் பட்டியலில் இடம்பெற்றவர்க்கே பாடு உண்டு. அப்பட்டியலில் சேர, இன்னார் மகன், இன்னார் பேரன் என்று ஊரார் முன் உறுதியாக வேண்டும். நிலத்தானுக்குப் பட்டா எப்படியோ, நீரானுக்கு இது அப்படி. மீன்பிடி உரிமையைக் காக்கப் பிறந்த இவ்வழக்கம் குடிவழியையும் சேர்த்தே காத்தது.

மற்றொரு சான்று பெயரிடும் வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குவதால் அவன் பெயரன். அதுவே பேரன் என மருவியது. ஒரு பெயர் இரு தலைமுறைக்கு ஒருமுறை திரும்பி வருமாயின் அதைக் குடிவழியின் தடமாகக் கொள்ளலாம். ஆனால் ஒரே பாட்டனின் பெயரைப் பல மக்களும் தத்தம் பிள்ளைக்கு இடுவதால் ஒரே தெருவில் ஒரே பெயரினர் நால்வர் இருப்பர். அவர்களைப் பிரித்தறியப் பட்டப்பெயரும் தாய்வழியும் தெரிந்திருத்தல் வேண்டும். பெண்களின் நிலை இதனினும் அரிது. தலைக்கட்டில் அவர்கள் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் நம் வழக்கிலும் தாயின் பெயருக்கு இடமில்லை. கப்பல் பட்டியலிலோ ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரோடு தனி எண் பெற்று நிற்கின்றாள்.

இக்கரையின் வாய்மொழி ஏடு இன்று நலிந்து வருகின்றது. 1969இல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏவுதளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் அங்கிருந்த குடிகள் பெயர்ந்தனர். முகத்துவாரம் மணலால் தூர்வதும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு இளைஞர் செல்வதும் ஏரித் தொழிலைச் சுருக்குகின்றன. பாட்டுக்குச் செல்லாத இளைஞனுக்குத் தன் முப்பாட்டன் பெயர் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டாயம் நீங்கினால் நினைவும் நீங்கும்.

கரையோரச் சொல்லில் பாடு என்பது முறையையும் குறிக்கும், பிடிபட்ட மீனையும் குறிக்கும்; பொதுத்தமிழில் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். இவை அனைத்தையும் சுமந்த குடும்பங்களின் பெயர்கள் முதியோர் நாவில் இன்னமும் உள்ளன. அவற்றை ஊர்வாரியாக, தாய்வழிப் பெயர்களையும் சேர்த்து, இப்பொழுதே எழுதி வைத்தல் தகும். பார்னார்டின் கணக்கர் விட்ட இடத்தை நிரப்ப வேறு ஏடு இல்லை.