மண் குடிக்கு, வீடு குடும்பத்துக்கு: அமெரிக்கப் பழங்குடி நிலங்களில் சொந்த வீட்டுரிமையின் வரலாறு

அமெரிக்கப் பழங்குடிகளின் ஒதுக்கு நிலங்களில் வீட்டுப் பஞ்சம் ஏன் தீரவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: நிலம் குடிக்குப் பொது, தனிப் பட்டா கிடையாது, பட்டா இல்லாத மண்ணை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. பஞ்சம் உண்மைதான். அந்நாட்டு வீட்டுவசதித் துறை 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழங்குடிப் பகுதிகளில் அவர்களின் குடும்பங்களில் 16 விழுக்காடு இடநெருக்கடியில் வாழ்ந்தன. நாடு முழுவதற்கும் இது 2 விழுக்காடு. நெருக்கடி தீரவும் இடிபாடான வீடுகளை மாற்றவும் ஏறத்தாழ 68,000 வீடுகள் வேண்டும் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. ஆனால் காரணமாகச் சொல்லப்படுவது பிழை. நிலம் பொதுவாக இருப்பது தடையே அல்ல. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எழுதவும் பதிவு செய்யவும் அதன்மேல் கடன் கொடுக்கவும் குடிகளுக்கு அதிகாரம் இல்லாமல் வைத்ததுதான் தடை. கடந்த நூற்று முப்பது ஆண்டுகளின் வரலாறு இதற்குச் சான்று.

தனிப் பட்டா என்ற மருந்து ஏற்கெனவே கொடுத்துப் பார்க்கப்பட்டதுதான். 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம் பொது நிலத்தைக் கூறுபோட்டு, குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பிரித்தது. மிஞ்சியதை 'உபரி' என்று வெளியாருக்குத் திறந்துவிட்டது. பிரித்துக் கொடுத்த கூறுகளை 25 ஆண்டுகள் விற்க முடியாது என்ற காப்பையும் 1906இன் பர்க் சட்டம் தளர்த்தியது. முழுப் பட்டா வந்ததும் நிலவரியும் வந்தது. வரி கட்ட முடியாதவர்களின் நிலம் ஏலத்துக்குப் போனது. 1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934இல் 4.8 கோடியாகச் சுருங்கியது. கைவிட்டுப் போகாத நிலமும் பயன்படவில்லை. சொந்தக்காரர் உயில் எழுதாமல் இறக்க, பங்கு வாரிசுகளிடம் பிரிக்கப்படாமலே பரவியது. 1987இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பொன்றில் டகோட்டா பகுதியின் 1305ஆம் எண் நிலத்தை எடுத்துக்காட்டியது: பரப்பு 40 ஏக்கர், மதிப்பு 8,000 டாலர், ஆண்டு வருமானம் 1,080 டாலர், பங்குதாரர்கள் 439 பேர். மிகச் சிறிய பங்குக்காரருக்கு 177 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சென்ட் கிடைக்கும். இந்தக் கணக்கைப் பராமரிக்க அரசுக்கு ஆண்டுக்கு 17,560 டாலர் செலவு. கூட்டுப் பட்டாவில் சிக்கிய நிலத்தைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இந்தத் துன்பம் புரியும். 439 பேரிடமும் கையெழுத்து வாங்கி அங்கே யார் வீடு கட்டுவது?

1934இன் மறுசீரமைப்புச் சட்டம் கூறுபோடுவதை நிறுத்தியது. நிலம் காப்பாற்றப்பட்டது, ஆனால் உரிமை கூட்டரசின் பொறுப்பில் இருந்ததால் குத்தகைக்கும் அடமானத்துக்கும் பழங்குடி விவகாரப் பணியகத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 1937இல் வந்த பொது வீட்டுவசதித் திட்டம் கால் நூற்றாண்டுக்குப் பழங்குடிகளை எட்டவே இல்லை. 1961இல்தான் பைன் ரிட்ஜ் ஒதுக்கு நிலத்தில் ஒக்லாலா மக்கள் தங்கள் குடியின் முதல் வீட்டுவசதி ஆணையத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த பரஸ்பர உதவித் திட்டத்தில் குடும்பம் நிலமோ உழைப்போ பணமோ தன் பங்காகத் தந்தது. வருமானத்துக்கேற்ப மாதத் தவணை கட்டி முடித்ததும் வீடு அதன் சொந்தமானது. ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை வீடே போதும், சொந்த வீடு சுமை என்போருக்கு நான் முதலில் காட்டுவது இத்திட்டத்தையே.

தனி வீட்டுரிமை பழங்குடி மரபுக்கே அந்நியம் என்று வேறொரு சாரார் வாதிடுகிறார்கள். அக்கறையோடு சொல்லப்படும் வாதம். ஆனால் மரபு அப்படியில்லை. நவஹோ மக்களிடையே மண் பொது; ஹோகன் எனப்படும் வீடோ மரபாகப் பெண்ணுடையது. இன்றும் அங்கே ஒரு குடும்பம் ஒரு ஏக்கர்வரை வீட்டுமனைக் குத்தகை பெற்றுத் தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறது. மண்ணும் வீடும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம் என்பதை அவர்கள் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை.

சட்டம் அந்த இடத்துக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 1992இல் பழங்குடியினரின் வீட்டுக் கடனுக்குக் கூட்டரசே பிணை நிற்கும் 184ஆம் பிரிவுத் திட்டம் வந்தது. பொறுப்புரிமை நிலத்தில், அதாவது கூட்டரசின் பொறுப்பில் உள்ள நிலத்தில், தவணை தவறி ஜப்தி நடந்தாலும் அந்தக் குத்தகை உரிமையை அதே குடிக்கோ அதன் உறுப்பினருக்கோ அதன் வீட்டுவசதி ஆணையத்துக்கோதான் மாற்றலாம். மண் வெளியே போகாது. 1996இன் சட்டம் வீட்டுவசதி மானியங்களை ஒன்றாக்கிக் குடிகளின் கையிலேயே கொடுத்தது; 50 ஆண்டுக் குத்தகைக்கும் வழி செய்தது. பட்டா இல்லாததே சிக்கல் என்றால் இத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 184ஆம் பிரிவுக் கடன்களில் பெரும்பகுதி பொறுப்புரிமை நிலத்துக்கு வெளியேதான் போயிற்று. நம் வில்லங்கச் சான்றுக்கு ஈடான உரிமை அறிக்கையைப் பணியகத்திடம் வாங்கவே மாதக்கணக்கில் ஆனதால் வங்கிகள் ஒதுங்கிக்கொண்டன. 2012இன் ஹார்த் சட்டம் இந்த முடிச்சில் ஒன்றை அவிழ்த்தது: தன் விதிகளுக்கு ஒருமுறை ஒப்புதல் பெற்ற குடி, அதன்பின் ஒவ்வொரு குத்தகைக்கும் பணியகத்தின் வாசலில் நிற்காமல் 75 ஆண்டுவரை வீட்டுமனை எழுதித் தரலாம்.

வேலையும் வருமானமும் இல்லாத இடத்தில் அதிகாரத்தை மாற்றி என்ன பயன் என்பது வலுவான மறுப்பு. வறுமை உண்மை, மானியம் இல்லாமல் கட்ட முடியாத குடும்பங்கள் ஏராளம். ஆயினும் கடன் கட்டத் தகுதியுள்ளவர்களுக்கும் கடன் கிடைக்கவில்லை என்பதை 2018இல் தெற்கு டகோட்டாவில் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் காட்டியது. அங்கே வேளாண் துறை தன் ஊரக வீட்டுக் கடன் பணத்தை இரு பழங்குடி நிதி நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. முந்தைய பத்தாண்டில் அத்துறை அந்நிறுவனங்கள் இயங்கிய இரு ஒதுக்கு நிலங்களில் நேரடியாகக் கொடுத்ததைவிட அதிகமான வீட்டுக் கடன்களை அவை கொடுத்தன. மக்களும் மண்ணும் அவையே. கடன் தருபவர் மட்டும் மாறினார்.

அதிகாரத்தோடு பணமும் வர வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் மானியம் பெரும்பாலான ஆண்டுகளில் 65 கோடி டாலரை ஒட்டியே நின்றது. கட்டுமானச் செலவோ ஏறிக்கொண்டே போனது. அச்சட்டத்தின் அங்கீகாரக் காலம் 2013இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டு கடந்தும் புதுப்பிக்கப்படாமல், ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதியில்தான் அது ஓடியது.