எந்த ஊர் எண்டு கேட்டால்: பீட்டர் டொய்க்கின் ஓவியங்கள்

கம்பஸில் புதுசா ஒருத்தரைச் சந்தித்தால் முதலில் வாற கேள்வி, "நீங்க எந்த ஊர்?" எங்களில் சிலருக்கு ஒரு சொல்லில் பதில் இருக்கு. சிலருக்குப் பிறந்த ஊர் ஒன்று, படித்த ஊர் இன்னொன்று, இப்ப வீட்டுக்காரர் இருக்கிறது வேறொன்று. பீட்டர் டொய்க்கின் ஓவியங்களைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கியபோது இந்தக் கேள்விதான் எங்களுக்குள் வந்தது.

டொய்க் 1959இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் கரீபியன் தீவான டிரினிடாட்டுக்குப் போனது. 1966இல் அங்கிருந்து கனடாவுக்கு. 1979இல் ஓவியம் படிக்க லண்டன் வந்தார். 2002இல் மறுபடியும் டிரினிடாட்டில் குடியேறினார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை கனடாவின் பனியும் ஏரியும். ஆனால் அந்தப் படங்களை அவர் வரைந்தது லண்டனில். முன்னால் நின்று பார்த்து வரைகிற ஆள் இல்லை அவர். பழைய போட்டோ, பத்திரிகைப் படம், சினிமாக் காட்சி, இவற்றோடு கொஞ்சம் ஞாபகம். 'வெள்ளைத் தோணி'யில் இரவு ஏரியில் தனியே மிதக்கிற தோணியைப் பார்த்தால் மனம் அடங்கிப்போகும். அந்தத் தோணி வந்தது 1980இல் வெளியான 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' என்ற கொலைத் திகில் படத்திலிருந்து! அமைதிக்கு அடியில் ஒரு பயம் கிடக்கிறது.

2000இல், முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, டொய்க் டிரினிடாட்டுக்கு ஒருமுறை போய் வந்தார். அதன்பின் வரைந்ததுதான் 'நூறு வருடங்களுக்கு முன்' (2001). நீளமான தோணியில் தாடியும் நீண்ட முடியுமாக ஒருவர் எங்களைப் பார்த்தபடி இருக்கிறார். அந்த உருவம் ஒரு அமெரிக்க ரொக் இசைத்தட்டின் உறைப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது. பின்னால் கடல், அதில் ஒரு சின்னத் தீவு. வடிவான தீவு எண்டுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். அது கரேரா. காலனிய ஆட்சி கைதிகளை அடைத்து வைத்த சிறைத் தீவு.

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம். டிரினிடாட் சாதாரண கடற்கரை இல்லை. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த மண். அடிமைமுறை ஒழிந்தபின், 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வந்தார்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் அதில் அடக்கம். இவ்வளவு நடந்த இடத்தை ஒரு வெள்ளைக்கார ஓவியர் கனவு மாதிரி வரையலாமா? 'வெள்ளைத் தோணி' 2007இல் லண்டன் ஏலத்தில் 5.7 மில்லியன் பவுணுக்குப் போனது. வெப்பமண்டலத் தீவை அழகாக்கி விற்கிற வேலையை கோகன் தாஹிட்டியில் முன்பே செய்தவர். இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட ஏலாது.

ஆனாலும் டொய்க் அந்த இடத்தைத் தன்னுடையது எண்டு காட்டிக்கொள்வதில்லை. 'லாபெய்ரூஸ் மதில்' (2004) ஓவியத்தில், போர்ட் ஒப் ஸ்பெயின் நகரத்தின் மயான மதிலை ஒட்டி ஒருவர் குடை பிடித்து நடக்கிறார். அவருடைய முகம் எங்களுக்குக் கிடைக்காது. தோணிக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிற மாதிரி, இவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கு. ஓவியர் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ஆனால் அங்கே வாழ்ந்தார். 2003இலிருந்து டிரினிடாட் ஓவியர் சே லவ்லேஸுடன் சேர்ந்து தன் ஓவியக்கூடத்தில் இலவசமாகப் படம் போட்டார். படங்களுக்கான போஸ்டரையும் தானே வரைந்தார்.

ஒரு ஊரில் இருக்கிறதுக்கும் அந்த ஊர்க்காரர் ஆகிறதுக்கும் இடையில் உள்ள இடைவெளியைத்தான் அவர் வரைகிறார் எண்டு எங்களுக்குப் படுகிறது. அது கோகனிடம் இல்லாத நேர்மை. அதற்காக அந்த மண்ணின் வரலாற்றை அவரே சொல்லித் தருவார் எண்டு எதிர்பார்க்கவும் கூடாது. அதை நாங்கள்தான் தேடிப் படிக்க வேணும்.

நாங்கள் இந்த ஓவியங்களைப் போன் திரையில்தான் பார்த்தோம். நீங்களும் 'நூறு வருடங்களுக்கு முன்' படத்தைத் தேடி எடுங்கோ. தோணிக்காரரை விட்டுவிட்டு, முதலில் அந்தத் தீவை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கோ. பிறகு அது சிறை எண்டதை நினைச்சுக்கொண்டு இன்னொருக்கா பாருங்கோ.