தகவல் பெருந்தொற்று

தகவல் பெருந்தொற்று என்பது, நோய்ப் பரவல் காலத்தில் சரியும் தவறுமான செய்திகள் அளவின்றிப் பெருகி, நம்பத்தக்க மருத்துவத் தகவலைத் தேடுவோரைத் திணறடிக்கும் நிலை. பொதுச் சுகாதாரத் துறைச் சொல்.

இதன் ஆங்கில மூலச்சொல்லான ‘இன்ஃபோடெமிக்’ (infodemic) 2003இல், சார்ஸ் நோய் பரவியபோது, டேவிட் ராத்காஃப் எழுதிய நாளிதழ்க் கட்டுரையில் இடம்பெற்றது. 2020 பிப்ரவரியில் கோவிட் குறித்து உலக சுகாதார நிறுவனம் அதைக் கையாண்டது.

இச்செய்திகள் மக்களை அடையும் வழிகள் பல. தேடுபொறியில் சொற்றேர்வே விடையைத் திருப்பும்: ‘தடுப்பூசி ஆபத்து’ எனத் தேடுவோர்முன் பெரும்பாலும் ஆபத்துப் பக்கங்களே நிற்கும். வாட்ஸ்அப்பிலோ கேளாத செய்தியும் உறவினர் வழியே வருகிறது. அந்த நெருக்கமே அதற்கு வலு. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது, வாட்ஸ்அப் வழியே இப்படிப் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். முகாம் மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.